இலவசம் என்றும் வராதவர்கள்: அரவிந்த் கண் மருத்துவமனை, ஒரு நிகழ்வு ஆய்வு

என் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் போட்டார்கள். ஆபரேஷன் இலவசம், சாப்பாடு இலவசம், பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று மைக்கில் சொன்னார்கள். அப்பத்தா போகவில்லை. "இந்த வயசுல நான் படிக்கவா போறேன்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

உண்மைக் காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிறகுதான் வெளியே வந்தன. இரண்டு ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மருமகள் தனியாக என்ன செய்வாள்? துணைக்குப் போவதென்றால் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போய்விடும். கண்ணை வெளியே எடுத்துக் கழுவி வைப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பயம் வேறு. அடுத்த முகாமுக்கு அவரைக் கிளப்பியவர் பக்கத்துத் தெருவில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ஒரு பாட்டி. திண்ணையில் வந்து உட்கார்ந்து, "இங்க பாரு, உன் மூக்குத்தி எனக்குத் தெரியுது" என்றாராம்.

ஏழைகளுக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் பில் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம். அப்பத்தா விஷயத்தில் பில் தொகை பூஜ்யம். அப்படியும் அவர் ஒரு வருஷம் கண் தெரியாமல் இருந்தார். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதைக்கு நான் திரும்பப் போனேன். பல நாடுகளில் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக நடத்தப்படும் கதை அது. சொல்லிச் சொல்லி "இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுத்தார்கள்" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. அந்த வரி தப்பில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவர் மருத்துவமனை தொடங்கினால், சீக்கிரமே மூட வேண்டிவரும் என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணங்கள்தான் இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தவை.

பதினொரு படுக்கை

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவரை முடக்குவாதம் கடுமையாகத் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு என்ற நிலையில் பிரசவம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்தார். வாழ்நாளில் அவர் கையால் செய்த கண் ஆபரேஷன்கள் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

அரசுப் பணியில் இருந்த அந்த இருபது ஆண்டுகளை இந்தக் கதை சொல்பவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அடித்தளமாகத் தெரிகிறது. 1960களில் அவர் ஊர் ஊராகப் போய்க் கண் முகாம் நடத்தினார். பள்ளிக்கூடம், சத்திரம் என்று கிடைத்த இடத்தில் ஒரே நாளில் வரிசையாக ஆபரேஷன் செய்தார். பின்னாளில் அரவிந்தின் தியேட்டருக்குள் ஓடிய அந்த வேகமும் ஒழுங்கும் இங்கேதான் உருவாயின.

1976இல் 58 வயதில் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டுதான் மத்திய அரசும் பார்வையிழப்பைத் தடுக்கத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு டாக்டர் தன் மருத்துவமனையை ஆரம்பித்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட வந்தது. கட்டடத்தைக் கவனித்தது தம்பி சீனிவாசன். கையில் பணம் வர வர ஒவ்வொரு தளமாக எழுப்பினார்கள். 1981இல் பெரிய மருத்துவமனை வந்தது. 1984இல் இலவச நோயாளிகளுக்கென்று தனிக் கட்டடம் எழுந்தது. அடுத்து தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாண்டிச்சேரி என்று கிளைகள் பரவின.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் இந்த மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்துகொண்டிருந்தன. வெளிநோயாளிகள் 40 லட்சத்துக்கும் மேல். அறுவை சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ ஒன்றும் கட்டாதவர்கள், இல்லையென்றால் மிகக் குறைவாகக் கட்டியவர்கள். நன்கொடையை நம்பாமலே அன்றாடச் செலவு ஓடியது, விரிவாக்கத்துக்கும் மிஞ்சியது.

டாக்டரின் நேரம்

ஏழை நாட்டில் கண் சிகிச்சைக்கு எது பற்றாக்குறை என்று கேட்டால் முதலில் வாயில் வருவது பணம். வெங்கடசாமியும் கூட இருந்தவர்களும் வேறு இடத்தில் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்யத் தெரிந்த டாக்டரின் நேரம்தான் எல்லாவற்றையும்விட அரிதான பொருள். ஒரு கண் மருத்துவர் உருவாக ஏறக்குறைய பத்து வருஷம் ஆகிறது. அவரை ரத்த அழுத்தம் பார்க்கவும், சொட்டு மருந்து போடவும், நோயாளிக்கு விளக்கம் சொல்லவும், அடுத்த நோயாளி மேசைக்கு வரும்வரை கை கட்டி நிற்கவும் வைத்தால், அத்தனை நேரமும் வீண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, புரிவதற்காக மட்டும். ஒரு தியேட்டரை ஒரு நாள் நடத்த டாக்டர் சம்பளம், மின்சாரம், நுண்ணோக்கித் தேய்மானம், கட்டடம் எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஆறு ஆபரேஷன் நடந்தால் ஒவ்வொருவர் தலையிலும் 10,000 ரூபாய் விழும். நாற்பது நடந்தால் 1,500 ரூபாய். லென்ஸ், மருந்து, நூல் செலவு அதற்கு மேல் தனி. ஆறு மட்டும் நடக்கும் இடத்தில் கட்டணம் கட்டும் ஒருவரை வைத்து ஓர் ஏழைக்கு இலவசமாகச் செய்யவே முடியாது. கட்டுகிறவரே திணறிவிடுவார். நாற்பது நடக்கும் இடத்தில் ஒருவர் கட்டும் பணத்தில் இன்னும் ஒருவரையோ இருவரையோ சேர்த்துத் தாங்கலாம்.

ஆக, எண்ணிக்கை முதலில் வரவேண்டும், கருணைக்கு இடம் அதன் பிறகுதான் உருவாகிறது. இதைச் சொல்லவே கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம் கட்டும் நோயாளி, இலவச நோயாளி என்ற ஏற்பாட்டை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு ஆபரேஷனோடு திணறும் நல்ல மனசுக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் அவர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி படுத்து, கண் சுத்தம் செய்யப்பட்டு, துணி போர்த்தித் தயாராக இருப்பார். முடிந்ததும் நுண்ணோக்கியை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டாக்டர் அடுத்த கண்ணைத் தொடங்குவார். கட்டுப் போடுவதும் முந்தைய நோயாளியை எழுப்பி நடத்திக்கொண்டு போவதும் சிஸ்டர்களின் வேலை. இந்த முறையில் ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன்கள் செய்கிறார். இந்தியாவின் சராசரியைப் போல இது பல மடங்கு.

பொருத்தமான நுட்பமும் வேண்டியிருந்தது. பெரிய நகர மருத்துவமனைகளில் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் இயந்திரம் இருக்கும். விலை அதிகம், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய உதிரிகளும் அதிகம். அரவிந்த் தன் இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையாலேயே சிறு வெட்டின் வழியாகப் புரையை எடுத்து லென்ஸ் வைக்கும் முறையைப் பின்பற்றியது. தையல் தேவையில்லை. முற்றிய புரைக்கு மிகவும் ஏற்றது. கிராமத்திலிருந்து வருபவர்களுக்குப் புரை பெரும்பாலும் முற்றித்தான் இருக்கும். பழகிய கைக்குச் சில நிமிஷ வேலை.

அந்த சிஸ்டர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணாடி பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, தியேட்டரில் உதவுவது, நோயாளியிடம் பேசி தைரியம் சொல்வது என்று ஆளுக்கு ஒரு வேலையில் தேர்ச்சி. ஒரு நோயாளி மருத்துவமனைக்குள் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இவர்களோடுதான். என் அப்பத்தா போன்றவர்களுக்குத் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசும் ஒரு பெண் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இந்த மாதிரியைத் தன் ஊருக்குக் கொண்டுபோக நினைக்கும் யாரும் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதும் இவர்களைப் பற்றித்தான். மலிவான சிகிச்சை என்பது மலிவான உழைப்பாக மாறிவிடக் கூடாது. பத்து வருஷம் கழித்து இந்தப் பெண்ணுக்கு என்ன பதவி, என்ன சம்பளம், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி வர வழி உண்டா, இங்கே கற்ற படிப்பு வெளியே செல்லுமா என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்த பிறகுதான் கட்டடத்துக்கு வரைபடம் போட வேண்டும். இவர்கள் நிலைத்து நிற்காவிட்டால் மருத்துவமனையும் நிற்காது.

வேகமாகச் செய்தால் தரம் குறையாதா?

எல்லோருக்கும் வரும் சந்தேகம். எனக்கும் வந்தது. இதற்கு நல்ல சான்று ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் கிருமித்தொற்று விகிதம். அரிதானது, ஆனால் பார்வையையே பறித்துவிடும். அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷன் முடியும்போது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் செலுத்தியபோது, தொற்று விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது. பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்தது இரண்டு பேராகிவிட்டது. பணக்கார நாட்டு மருத்துவமனைகளோடு தாராளமாக ஒப்பிடக்கூடிய எண் இது.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இவ்வளவு அரிதான ஒரு சிக்கலில் எது பலன் தருகிறது என்று கண்டுபிடிக்க லட்சக்கணக்கான ஆபரேஷன்களின் பதிவேடு வேண்டும். சின்ன மருத்துவமனையால் அது முடியாது. எண்ணிக்கை இங்கே செலவைக் குறைத்ததோடு நிற்கவில்லை, தரத்தையும் உயர்த்தியது. ஒவ்வொரு டாக்டரின் சிக்கல் விகிதத்தையும் பதிவுசெய்து அவரிடமே காட்டும் பழக்கமும் அங்கே நெடுநாளாக உண்டு.

வீண்செலவை வெட்டும் பழக்கம் சுற்றுச்சூழலுக்கும் நல்லதாக முடிந்தது. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, அரவிந்தில் ஒரு புரை ஆபரேஷனால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவு சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டது. பிரிட்டனில் அதே ஆபரேஷனுக்கு ஆகும் அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. துணிகளையும் கருவிகளையும் ஒரே முறை பயன்படுத்தித் தூக்கி எறியாமல் முறையாகக் கிருமிநீக்கித் திரும்பப் பயன்படுத்துவது முக்கியக் காரணம். சிக்கனம் என்றால் சுகாதாரக் குறைவு என்று நினைப்பவர்கள் தொற்று விகிதத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சோடாபுட்டியிலிருந்து லென்ஸுக்கு

1980கள் வரை புரை ஆபரேஷன் என்றால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு வெளியே கனமான கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். நாம் சோடாபுட்டிக் கண்ணாடி என்போமே, அது. பார்வை வரும், ஆனால் எல்லாம் பெரிதாகவும் வளைந்தும் தெரியும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான். அந்த நேரத்தில் பணக்கார நாடுகள் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறைக்கு மாறிவிட்டிருந்தன. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று உலக அளவில் பெரிய நிபுணர்களே சொன்னார்கள்.

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஏழைக்கு இரண்டாம்தரச் சிகிச்சையே போதும் என்ற முடிவு எப்போதும் செலவுக் கணக்கின் பேரில்தான் எடுக்கப்படுகிறது. அந்த விலை ஏன் அவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

அரவிந்த் கேட்டது. லென்ஸின் மூலப்பொருளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்று தெரிந்தது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை வழியாக வந்த டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார். 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற அரவிந்தின் சொந்த லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. தையல் நூல், கண் மருந்துகள் என்று உற்பத்தி விரிந்து இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. முன்பு சொன்ன அந்தக் கண்ணுக்குள் செலுத்தும் மருந்தும் ஆரோலேப் தயாரிப்புத்தான்.

ஒரு மருத்துவமனை தன் டாக்டர், தன் தியேட்டர், தன் ஊழியர் என்று எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், வெளியே வாங்கும் பொருளின் விலை அதன் கையில் இல்லாதவரை அந்தச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தமிழ்நாடு அரசு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கி, அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாக, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், திறந்த ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கத் தொடங்கியதும் இதே இடத்தில் கைவைத்த முயற்சிதான். வழி வேறு, ஒருவர் தயாரித்தார், இன்னொருவர் சேர்த்து வாங்கினார். எல்லா மருத்துவமனையும் தொழிற்சாலை கட்ட முடியாது என்பதால், சிறிய நிறுவனங்களுக்கு இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நான் நினைக்கிறேன். பத்து மருத்துவமனைகள் சேர்ந்து கொள்முதல் செய்தாலே விலை பேசும் பலம் வந்துவிடும்.

யார் ஏழை என்று யார் சொல்வது?

அரவிந்தில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ரேஷன் கார்டு கேட்பதில்லை. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். முதல் தடவை படித்தபோது இது எப்படிச் சாத்தியம், வசதி உள்ளவர்கள் எல்லாம் இலவசத்துக்கு வந்துவிட மாட்டார்களா என்றுதான் நானும் நினைத்தேன்.

கட்டணப் பிரிவில் தனி அறை, ஏ.சி., விருப்பமான லென்ஸ், விருப்பமான முறை கிடைக்கும். இலவசப் பிரிவில் பொது வார்டு, பாய், அடிப்படை லென்ஸ். டாக்டர்கள் இரண்டு பக்கமும் முறை வைத்து மாறிமாறி வேலை செய்வார்கள். வசதி வித்தியாசம், கை ஒன்றுதான். முடிந்தவர்கள் பலர் தாங்களாகவே கட்டணப் பிரிவுக்குப் போகிறார்கள். சில பேர் ஏமாற்றலாம். ஆனால் ஏமாற்றுபவரைப் பிடிக்க ஒரு குமாஸ்தா, சான்றிதழ் சரிபார்க்க ஒரு கவுன்ட்டர், அதற்கொரு நாள் அலைச்சல் என்று வைத்தால், முதலில் திரும்பிப் போவது உண்மையான ஏழைதான். தாசில்தார் அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தாலே அவருக்கு இரண்டு நாள் கூலி போச்சு.

இலவச நோயாளிக்குத் தரம் குறைந்த சிகிச்சை கொடுத்திருந்தால் இந்த ஏற்பாடு சரிந்திருக்கும். கட்டணம் கட்டுகிறவர் வருவதே "அங்கே நம் ஊர்க்காரர் ஒருவருக்கு நன்றாகப் பார்வை வந்தது" என்று கேள்விப்பட்டுத்தான். ஓர் ஊரில் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பேரின் கண்கள்தான் அந்த மருத்துவமனையின் விளம்பரம்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகாம் வழியாக வரும் இலவச ஆபரேஷன்களுக்குத் தேசியத் திட்டத்தின் கீழ் அரசு ஒரு தொகையைத் தொண்டு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. முகாமை நடத்தும் செலவை உள்ளூர்ச் சங்கங்களும் கொடையாளர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இது முழுக்க முழுக்கக் கட்டணத்தில் மட்டும் ஓடிய வண்டி என்று சொல்வது மிகை. அரசும் ஊரும் மருத்துவமனையும் பங்கு போட்டுக்கொண்டதால்தான் யார் தோளும் ஒடியவில்லை.

நூற்றில் ஏழு

இப்போது அப்பத்தாவிடம் திரும்பி வருகிறேன்.

அரவிந்தின் ஆரம்பகால முகாம்களில் ஆபரேஷன் தேவை என்று சொல்லப்பட்டவர்களில் நிறையப் பேர் வரவே இல்லை. ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு ஆள் இல்லாமை, பயம், வீட்டில் அனுமதி கிடைக்காமை, இவைதான் பதில்கள். அதன் பிறகுதான் பஸ், சாப்பாடு, தங்குமிடம், மருந்து, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து இலவசமாக்கினார்கள். ஒரே ஊர்க்காரர்களைக் கூட்டமாக ஒரே பஸ்ஸில் அழைத்துப் போவதால் தனித் துணையும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே பார்வை பெற்றவர்களை வைத்து மற்றவர்களிடம் பேச வைத்தும் பார்த்தார்கள். திண்ணையில் வந்து உட்கார்ந்த அந்தப் பாட்டி தானாகச் செய்ததும் அதைத்தான்.

கண்ணாடி விஷயத்திலும் இப்படியே. முன்பெல்லாம் பவர் எழுதிய சீட்டைக் கொடுத்து, டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். சீட்டு வீட்டுக் கூரையில் சொருகப்பட்டுக் கிடக்கும். லென்ஸையும் பிரேமையும் வெட்டும் கருவியையும் முகாமுக்கே கொண்டுபோய் அங்கேயே செய்து மாட்டிவிடத் தொடங்கியதும், வாங்குபவர்கள் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. விலையில் பெரிய மாற்றம் இல்லை, டவுனுக்குப் போகும் அந்த ஒரு நாள் மட்டும் மிச்சமானது.

இவ்வளவுக்குப் பிறகும் 1999இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அரவிந்த் முகாம்கள் நடந்த கிராமங்களிலேயே எடுத்த ஓர் ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. உலகமே பாராட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டத்தை மீதி 93 பேர் எட்டிப் பார்க்கவில்லை.

பல நிறுவனங்களில் இப்படி ஓர் எண் வந்தால் அலமாரிக்குள் போய்விடும். நாங்கள் இத்தனை பேருக்குச் செய்தோம் என்ற ஆண்டறிக்கைதான் வெளியே வரும். ஆரோக்கியத் திட்டங்களின் மிகப் பெரிய குருட்டுப்புள்ளி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறோம். வராதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

முகாம் என்பது வருஷத்தில் ஒரு நாள், இரண்டு நாள். அன்றைக்கு அறுவடை இருந்தால், காய்ச்சல் இருந்தால், ஊரில் துக்கம் இருந்தால் போச்சு. ஆகவே 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். ஒரு மையம் ஏறக்குறைய 50,000 பேருக்கு. பயிற்சி பெற்ற சிஸ்டர் ஒருவரும் ஒன்றிரண்டு உதவியாளர்களும் அங்கே இருப்பார்கள். கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்ப, மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கேபிள் எட்டாத இடங்களுக்குத் தேனிப் பக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கண்ணாடியோ சொட்டு மருந்தோ வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பலாம்.

மையத்தில் சின்னக் கட்டணம் உண்டு. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு வாங்கும் சின்னத் தொகை, தூரத்தில் இருக்கும் இலவசத்தைவிட ஏழைக்கு மலிவு.

மாதிரி எடுபடாத இடம்

அரவிந்த் தன் முறையை மறைத்து வைக்கவில்லை. 1992இல் லயன்ஸ் சங்கத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. கண்ணைத் தாண்டி மற்ற நோய்களுக்கும் இதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கண்புரை ஒரு விசேஷமான நோய். ஒரு தடவை ஆபரேஷன் செய்தால் தீர்ந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் பலன் தெரியும், தெரிந்ததை அவர் ஊரெல்லாம் சொல்வார். நூறு பேருக்கும் ஏறக்குறைய ஒரே ஆபரேஷன் என்பதால் வரிசையாகச் செய்ய முடிகிறது. சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ இவற்றில் ஒன்றும் பொருந்தாது. மாத்திரை நாள்தோறும், ஆயுள் முழுக்க. சாப்பிட்டால் உடனே நன்றாக இருப்பதாகத் தோன்றாது, நிறுத்தினால் உடனே கெடுதலும் தெரியாது. கண்ணிலேயே கண்அழுத்த நோய் அப்படித்தான். சொட்டு மருந்து போட்டாலும் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் மருந்து. எத்தனை பேர் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிப் போடுவார்கள்?

இப்படிப்பட்ட நோய்களுக்கு மருந்து வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த வழியில்தான் போகிறது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதன் செலவைக் கட்டண நோயாளிகளை வைத்து ஈடுகட்ட முடியாது, வரிப்பணத்தில்தான் நடக்க முடியும். அரவிந்தை உதாரணம் காட்டி, பார்த்தீர்களா, அரசு ஒதுங்கிக்கொண்டாலும் எல்லாம் நடக்கும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அவர்கள் கண்புரையைக் காட்டி எல்லா நோய்க்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அரவிந்தின் வழியும் வீட்டு வாசலுக்குப் போகும் வழியும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது. பார்வை மையத்திலேயே விழித்திரையைப் படம் எடுக்கலாம். அந்தப் படத்தைக் கணினியே பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் மென்பொருளைக் கூகுள் குழு உருவாக்கி, 2016இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. அதைப் பயிற்றுவிக்க உதவிய இந்திய மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. ஆகக் கண்டுபிடிப்பது இனி மலிவு. ஆனால் கண்டுபிடித்த பிறகு லேசருக்கோ ஊசிக்கோ பெரிய மருத்துவமனைக்குப் பல முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ், துணைக்கு ஆள், இரண்டு பேர் கூலி. முதல் ஊசிக்கு வந்து மூன்றாவதற்கு வராமல் போனவர்களின் பட்டியலை ஒவ்வொரு மையமும் மாதாமாதம் எடுத்து, அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அரவிந்த் தன் ஆரம்பகால முகாம்களுக்குப் பிறகு செய்தது இதையேதான். அன்றைக்குக் கிடைத்த பதில்களில் ஆடும் இருந்திருக்கும், கைக்குழந்தையும் இருந்திருக்கும்.